வண்டி மிஸ்ஸிங் அடித்தால், பிளக் வாங்க ஓடுவதற்கு முன்

மிஸ்ஸிங், அதாவது சிலிண்டர் சரியாக எரியாமல் எஞ்சின் உதறுகிறது, என்று என்னிடம் வரும் பெட்ரோல் கார்களில் பல, ஏற்கனவே புது பிளக் மாட்டிக்கொண்டுதான் வருகின்றன. சிலவற்றில் பிளக்குக்கு உயர் வோல்ட் கொடுக்கும் காயிலும் புதுசு. த்ராட்டில் பாடி கழுவியாகிவிட்டது, இன்ஜெக்டர் கிளீனர் ஊற்றியாகிவிட்டது, பெட்ரோல் பங்க்கைக்கூட மாற்றிப் பார்த்தாகிவிட்டது. ஆனால் எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கேட்டால் பதில் இல்லை. அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் எந்தப் பாகத்தையும் காசு கொடுத்து வாங்காதீர்கள். கண்டுபிடிப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பத்தாம் நம்பர் ஸ்பேனர், பிளக் சாக்கெட், டார்ச், மல்டிமீட்டர், மலிவான ஒரு புளூடூத் ஸ்கேனர் இவ்வளவும் இருந்தால் வீட்டு முற்றத்திலேயே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

எனக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் சின்ன ஒர்க்‌ஷாப். ஒரு பக்கம் குளச்சல், மண்டைக்காடு, முட்டம் என்று கடல். இன்னொரு பக்கம் குலசேகரம், திற்பரப்பு, பேச்சிப்பாறை என்று ரப்பர் தோட்டமும் மலையும். வண்டி எந்த ஊரிலிருந்து வருகிறது என்று கேட்டாலே என் சந்தேகம் ஒரு பக்கமாகத் திரும்பிவிடும். கடற்கரை வண்டி என்றால் முதலில் உப்பு. மலையோர வண்டி என்றால் எலியும் ஈரமும். ஸ்கேனரும் மீட்டரும் அதற்கு அப்புறம்தான்.

எஞ்சினுக்குள் நடப்பது இவ்வளவுதான். காற்றும் பெட்ரோலும் சரியான அளவில் சிலிண்டருக்குள் வர வேண்டும், பிஸ்டன் அதை அழுத்த வேண்டும், அந்த நேரம் பார்த்து பிளக்கில் பொறி பறக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினால் அந்தத் தடவை எரியாது. ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாமல் விட்டால், 800 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 800 சுற்று) ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு 400 தடவை எரிய வேண்டும். எப்போதோ ஒன்று தவறினால் உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. தொடர்ந்து தவறினால், கரையில் நின்று கரைமடி வலையை இழுக்கும்போது ஒருவன் கயிற்றைச் சும்மா பிடித்துக்கொண்டு நடக்கிற கதைதான். பாரம் மற்றவர்கள் மேல் விழும், மொத்த இழுப்பும் தளரும். வண்டி உதறும், பிக்கப் போகும், மைலேஜ் குறையும், சைலன்சரில் பச்சைப் பெட்ரோல் நெடி அடிக்கும்.

இங்கே நான் எழுதுவதெல்லாம் பெட்ரோல் வண்டிக்கு. டீசலில் தீப்பொறியே கிடையாது, அதன் வழி வேறு.

முதலில் அந்த மஞ்சள் விளக்கு

டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட விளக்கு நிலையாக எரிந்தால், பைய வீடு வந்து சேர்ந்து நிதானமாகப் பார்க்கலாம். அது விட்டு விட்டு மின்னினால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து ஓரம் கட்டுங்கள். எரியாத பெட்ரோல், சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். உள்ளே நுண்துளைகளோடு இருக்கும் பீங்கான் கட்டி அந்தச் சூட்டில் உருகி அடைத்துக்கொள்ளும். ஒரு காயிலோடு முடிய வேண்டிய செலவு, அதைப் போலப் பல மடங்காகிவிடும். பேச்சிப்பாறை அணை பார்த்துவிட்டுக் குடும்பத்தோடு திரும்பும்போது விளக்கு மின்ன ஆரம்பித்தால், "எப்படியும் வீடு வரைக்கும் ஓட்டிரலாம்" என்று மார்த்தாண்டம் வரை மிதித்துக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். குலசேகரத்திலேயே நிறுத்தி, வேறு வண்டி பிடித்து வாருங்கள்.

எப்போது மிஸ்ஸாகிறது?

பானெட்டைத் திறப்பதற்கு முன் நான் கேட்கும் கேள்வி இது. பெரும்பாலானவர்கள் "எப்பவுமே" என்று சொல்வார்கள். கொஞ்சம் கிண்டிக் கேட்டால்தான் உண்மை வரும்.

"ஏத்தத்துல வலிக்க மாட்டேங்கு அண்ணே, சமதரையில ஒண்ணும் தெரியல்ல" என்று ஒருவர் சொன்னால், பொறி பக்கம் பார்க்கத் தொடங்குவேன். நாலாவது கியரில் மேம்பாலம் ஏறும்போது, ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போகும்போது, சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடக் கூட பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறி குதிக்க அதிக வோல்ட் தேவை. தேய்ந்த பிளக்கும் தளர்ந்த காயிலும் சமதரையில் சமாளித்துவிட்டு ஏற்றத்தில் கைவிடும். பெட்ரோல் பம்ப் தளர்ந்திருந்தாலும் இதே இடத்தில்தான் தெரியும், அதை எப்படிப் பிரித்தறிவது என்று பின்னால் பார்க்கலாம்.

ஐடிலில் மட்டும் உதறி, ரேஸ் கொடுத்தால் சரியாகிவிடும் வண்டி வேறு ரகம். எங்கோ கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது, அல்லது ஒரு வால்வு சரியாக மூடவில்லை.

மழை பெய்த மறுநாள் காலையில் மட்டும், அல்லது வண்டியைக் கழுவிய பிறகு மட்டும் மிஸ்ஸாகி, சூடேறியதும் நின்றுவிட்டால் ஈரம். மழையோடு சம்பந்தமே இல்லாமல் தினமும் காலையில் கொஞ்ச நேரம் உதறி, கூடவே கூலன்ட் அளவும் குறைந்துகொண்டே வந்தால் எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட்டை நினைத்துக் கவலைப்படலாம். சூடான பிறகு மட்டும் மிஸ்ஸாவது பெரும்பாலும் காயில். உள்ளே இருக்கும் கம்பிச்சுற்று சூட்டில் விரிந்து விட்டுவிட்டுத் துண்டிக்கும், ஆறியதும் ஒன்றும் நடக்காதது போல வேலை செய்யும்.

சிஎன்ஜி வண்டிகள் இப்போது நம் பக்கமும் ஓடுகின்றன. பெட்ரோலில் சரி, சிஎன்ஜியில் மட்டும் மிஸ்ஸிங் என்றால் உடனே கேஸ் கிட்டைக் குறை சொல்லாதீர்கள். சிஎன்ஜி கலவையைப் பற்றவைக்க பெட்ரோலைவிட அதிக வோல்ட் வேண்டும். அதனால் பலவீனமான பிளக்கும் காயிலும் முதலில் அங்கேதான் காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்று, மிஸ்ஸிங் என்று நினைத்து வருவதெல்லாம் மிஸ்ஸிங் இல்லை. எஞ்சின் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருந்தாலும் சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங் நடுங்கும், ஏசி போட்டால் இன்னும் நடுங்கும். இறங்கிப் பின்னால் போய் சைலன்சர் சத்தத்தைக் கேளுங்கள். புகை ஒரே சீராக வந்தால் மவுண்டிங்கைப் பாருங்கள். இடையிடையே "புஃப்" என்று ஒரு அடி விட்டுப்போனால்தான் மிஸ்ஸிங்.

எந்த சிலிண்டர்?

2013-க்கு அப்புறம் வந்த கார் என்றால் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஸ்கேனர் சொருகும் ஓபிடி துவாரம் இருக்கும். அதற்கு முந்தைய வண்டிகளிலும் பலவற்றில் உண்டு. ஸ்கேனரைச் சொருகி, போனில் அதற்கான ஆப்பைத் திறந்து கோடுகளை (code, அதாவது வண்டி பதிந்து வைக்கும் பழுதுக் குறியீடு) படியுங்கள். பி0301 என்றால் ஒன்றாம் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது, இப்படியே. பி0300 என்றால் எந்த ஒன்று என்று இல்லாமல் மாறி மாறி மிஸ்ஸாகிறது, அப்போது எல்லா சிலிண்டருக்கும் பொதுவானதைத் தேட வேண்டும். பெட்ரோல் அழுத்தம், காற்றுக் கசிவு, எர்த் இந்த மாதிரி. கூடவே பி0351 முதல் பி0354 வரை ஏதாவது வந்தால் காயில் சர்க்யூட், பி0201 முதல் பி0204 என்றால் இன்ஜெக்டர் சர்க்யூட். பி0171 வந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம்.

கோடை அழிப்பதற்கு முன் ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற பகுதியைத் திறந்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கோடு விழுந்த நொடியில் வண்டி என்ன வேகம், எத்தனை ஆர்பிஎம், எஞ்சின் எவ்வளவு சூடு என்று அதில் இருக்கும். ஓட்டுபவர் மறந்ததை அது மறக்காது. பாட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டினால் விளக்கு அணைந்துவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். விளக்கோடு சேர்ந்து இந்தத் தடயம் முழுக்கப் போய்விடும்.

ஒன்றாம் சிலிண்டர் எது? முன்சக்கர டிரைவ் கார்களில் பெரும்பாலும் பெல்ட் ஓடும் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும். உங்கள் வண்டிக்கு அது சரிதானா என்று கையேட்டில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேனர் பேசாத பழைய வண்டியா? ஐடிலில் ஓடவிட்டு, பெட்ரோல் தெளிக்கும் ஒவ்வொரு இன்ஜெக்டரின் கப்ளரையும் (ஒயர் சொருகும் முனை) ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். நல்ல சிலிண்டரின் கப்ளரைக் கழற்றினால் எஞ்சின் இன்னும் தடுமாறும். எதைக் கழற்றினால் ஒரு மாற்றமும் இல்லையோ அதுதான் சும்மா இருக்கும் சிலிண்டர். பழைய ஆட்கள் ஓடுகிற வண்டியில் பிளக் ஒயரைப் பிடுங்கிப் பார்ப்பார்கள். அதைச் செய்யாதீர்கள். ஆளுக்கும் அடி, காயிலுக்கும் அடி. போதாததற்கு எரியாத பெட்ரோல் வேறு கன்வெர்ட்டருக்குப் போகும். இன்ஜெக்டர் கப்ளரைக் கழற்றினால் அந்த சிலிண்டருக்குப் பெட்ரோலே நின்றுவிடும்.

எலி, தண்ணீர், உப்பு

சிலிண்டர் நம்பர் கிடைத்ததும் ஸ்பேனரை எடுக்காமல் டார்ச்சை எடுங்கள். எஞ்சின் ஆறியிருக்கட்டும்.

ரப்பர் தோட்டத்து வீடுகளில் நிற்கும் வண்டிகளின் பானெட்டைத் திறந்தால் பாட்டரி மேல் ரப்பர் கொட்டை ஓடு கிடக்கும், எஞ்சின் கவருக்கு அடியில் தென்னை நாரும் கிழிந்த துணியும் சேர்த்துக் கூடு இருக்கும். அதைப் பார்த்தால் பிளக்கை மறந்துவிட்டு ஒயரைப் பாருங்கள். இன்ஜெக்டருக்குப் போகும் ஒயரும் காயில் ஒயரும் கைக்கு எட்டுகிற உயரத்தில், எலிக்கு உட்கார்ந்து கடிக்க வசதியாக ஓடுகின்றன. முழுக்க அறுந்தால் நல்லது, உடனே தெரிந்துவிடும். தோலை மட்டும் கடித்து உள்ளே ரெண்டு இழை மிச்சம் வைத்தால்தான் வம்பு. குழியில் இறங்கினால் மிஸ்ஸாகும், ரோடு நன்றாக இருந்தால் ஓடும். வண்டி ஐடிலில் ஓடும்போது ஒரு மரக்குச்சியால் ஒயர்க்கட்டை மெல்ல அசைத்துப் பாருங்கள், எங்கே அசைத்தால் எஞ்சின் தடுமாறுகிறதோ அங்கே பிரியுங்கள்.

ஒட்டுப்போடும்போது வெறுமனே முறுக்கி கறுப்பு டேப் சுற்றாதீர்கள். சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடுங்கள். நம் ஊர் ஈரத்துக்கு டேப்பின் பசை ஒரு மழைக்காலம் தாண்டாது, உள்ளே செம்பு பச்சை பூத்துவிடும். எலியை விரட்ட புகையிலை, அந்துருண்டை, மிளகாய்ப்பொடி என்று ஆளாளுக்கு ஒரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். ஷெட் பூட்டு நன்றாக இருந்தால் ராத்திரியில் பானெட்டைத் திறந்து வைப்பதைத்தான் நான் சொல்வேன். வெளிச்சமும் காற்றும் வரும் இடத்தில் எலி கூடு வைக்க யோசிக்கும்.

அடுத்தது தண்ணீர். தென்மேற்கு, வடகிழக்கு என்று ரெண்டு பருவமழையும் நமக்கு உண்டு, ஆனியில் தொடங்கினால் கார்த்திகை வரை ஈரம்தான். பிளக் தலைக்கு நேர் மேலே காயில் உட்காரும் எஞ்சின்களில், பிளக் ஒரு ஆழமான குழிக்குள் இருக்கும். மழைத் தண்ணீரோ, எஞ்சினைப் பளபளப்பாக்குகிறேன் என்று பிரஷர் பம்ப் வைத்து அடித்த தண்ணீரோ அந்தக் குழிக்குள் இறங்கினால், பொறி பிளக் நுனிக்குப் போகாமல் ஈரத்தின் வழியே பக்கச்சுவரில் எர்த் ஆகிவிடும். காயிலைப் பிடித்திருக்கும் பத்தாம் நம்பர் போல்ட்டைக் கழற்றி, காயிலை லேசாகத் திருகி மேலே இழுத்து, குழிக்குள் டார்ச் அடியுங்கள். தண்ணீர் நின்றால் பிளக்கைக் கழற்றுவதற்கு முன் காற்று அடித்து வெளியே எடுங்கள். இல்லாவிட்டால் தண்ணீரும் மணலும் நேராக சிலிண்டருக்குள் போகும். தண்ணீருக்குப் பதில் எஞ்சின் ஆயில் நின்றால், டேப்பெட் கவர் கேஸ்கட்டோ பிளக் குழாயின் சீலோ போயிருக்கிறது. அதை மாற்றாமல் புது காயில் போட்டால் அதன் ரப்பரும் ஆயிலில் ஊறிப் போகும்.

காயிலின் ரப்பரைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளேயோ வெளியேயோ பென்சிலால் கோடு போட்டது மாதிரி மெல்லிய கரிக்கோடு ஓடினால், பொறி அந்த வழியைப் பழகிவிட்டது. துடைத்துப் பயனில்லை. ரப்பர் தனியாகக் கிடைத்தால் ரப்பர், இல்லையென்றால் காயில். பிளக்கின் வெள்ளைப் பீங்கானிலும் அதே கோடு இருந்தால் ரெண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுக்கும்.

பிளக் ஒயர் ஓடும் பழைய வண்டியில் இதை ராத்திரியில் பார்க்கலாம். விளக்கை அணைத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டு, கையை எட்ட வைத்துக்கொண்டு பாருங்கள். துணி தேய்க்கும்போது தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீரை எடுத்து ஒயர் மேல் பனி மாதிரி அடித்தால், தோல் வெடித்த இடத்தில் நீலமாகப் பொறி ஓடும்.

கடைசியாக உப்பு. இது மெதுவாக வேலை செய்வதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. குளச்சலில் மீன் வியாபாரம் செய்யும் ஒருவர் வந்தார். வேறொரு இடத்தில் ஈசிஎம் (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொல்லியிருந்தார்கள். கோடு பி0300, சில நாள் வரும், சில நாள் வராது. எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையைத் தொட்டால் உப்பும் துருவுமாக உதிர்ந்தது. அதை மாற்றி, முனை உட்காரும் இடத்தை உலோகம் தெரியும்வரை தேய்த்து, மேலே கிரீஸ் தடவி அனுப்பினோம். ஈசிஎம் பழையதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

எர்த்தைச் சோதிப்பது எளிது. மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பாட்டரி நெகட்டிவ் கம்பத்திலும் இன்னொன்றை எஞ்சினின் வெறும் உலோகத்திலும் பிடித்துக்கொண்டு, யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் எர்த் சரியில்லை. காயில், இன்ஜெக்டர் கப்ளர்களையும் கழற்றி உள்ளே பின்களில் பச்சைத்தூள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து, காய்ந்ததும் மாட்டுங்கள்.

இடம் மாற்றிப் பார்ப்பது

கண்ணுக்கு எதுவும் சிக்கவில்லை, கோடு பி0303 என்று வைத்துக்கொள்வோம். கடைக்குப் போகாதீர்கள். உங்களிடமே இன்னும் மூன்று நல்ல காயில்கள் இருக்கின்றன.

சாவியை எடுத்துவிட்டு, மூன்றாம் சிலிண்டரின் காயிலை ஒன்றாவதிலும் ஒன்றாவதை மூன்றாவதிலும் மாட்டுங்கள். கோடை அழித்துவிட்டு, முன்பு எந்த நிலையில் மிஸ்ஸானதோ அதே நிலையில் ஓட்டுங்கள். ஏற்றத்தில் மிஸ்ஸான வண்டியை முற்றத்தில் ஐடிலில் விட்டுவிட்டு "சரியாயிடுச்சு" என்று சொன்னால் அர்த்தம் இல்லை. இப்போது பி0301 வந்தால் குற்றவாளி காயில், சந்தேகமே வேண்டாம். திரும்பவும் பி0303 வந்தால் காயில் நல்லது, அதை அங்கேயே விட்டுவிட்டு பிளக்கை அதே மாதிரி இடம் மாற்றுங்கள். ரெண்டையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டால் கோடு நகர்ந்தாலும் எதனால் என்று தெரியாது.

ஒரே காயில் ரெண்டு சிலிண்டருக்குப் பொறி கொடுக்கும் வண்டிகளும் உண்டு. நாலு சிலிண்டரில் ஒன்றும் நாலும் ஒரு ஜோடி, ரெண்டும் மூன்றும் ஒரு ஜோடி. பி0301-ம் பி0304-ம் சேர்ந்து வந்தால் அந்த ஜோடியின் காயிலையோ அதற்கு வரும் ஒயரையோ பிடியுங்கள். அடுத்தடுத்த ரெண்டு சிலிண்டர், உதாரணத்துக்கு மூன்றும் நாலும் சேர்ந்து மிஸ்ஸானால் அது வேறு கதை, ஹெட் கேஸ்கட் ரெண்டுக்கும் நடுவில் போயிருக்கலாம்.

பிளக்கைக் கழற்றும்போது எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். ஹெட் அலுமினியம், சூட்டில் கழற்றினால் மரை பிடுங்கிக்கொண்டு வரும். கழற்றியவற்றை சிலிண்டர் வரிசைப்படியே ஒரு பேப்பரில் அடுக்கி வையுங்கள். நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் அந்த சிலிண்டர் ஒழுங்காக எரிகிறது. உலர்ந்த கறுப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகம். பெட்ரோலில் நனைந்து வந்தால் பொறி இல்லை. ஆயில் பசையோடு கறுத்திருந்தால் வால்வு சீல் அல்லது பிஸ்டன் ரிங். வெள்ளையாக வெந்து கொப்பளித்திருந்தால் கலவையில் பெட்ரோல் போதவில்லை, அல்லது சூடு அதிகம். ஒன்று மட்டும் கழுவித் துடைத்த மாதிரி சுத்தமாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், கூலன்ட் உள்ளே கசிந்து ஆவியாகிக்கொண்டிருக்கலாம்.

இடைவெளி பல வண்டிகளில் 0.8 முதல் 1.1 மி.மீ. வரை. தேயத் தேய அது அகலும், காயில் பாடு கூடும். சாதாரண நிக்கல் பிளக் 30,000 முதல் 40,000 கி.மீ. ஓடியிருந்தால் எமரி பேப்பர் போட்டுத் தேய்த்து உயிர் கொடுக்க முயலாமல் நாலையும் மாற்றுங்கள். இரிடியம் பிளக் அதைவிட ரெண்டு மடங்குக்கு மேல் ஓடும், ஆனால் அதன் ஊசி நுனியைத் தேய்க்கவோ நெம்பவோ கூடாது. புதிதாக மாட்டும்போது கையாலேயே கடைசி வரை திருகி, வாஷர் உட்கார்ந்த பிறகு பெட்டியில் படம் போட்டிருக்கும் அளவுக்கு மட்டும் ஸ்பேனரால் முடுக்குங்கள். வாஷர் உள்ள புது பிளக்குக்குப் பெரும்பாலும் அரைச் சுற்று, கொஞ்சம் கூட. பலம் காட்டும் இடம் இது இல்லை.

காற்றும் பெட்ரோலும்

காயிலும் பிளக்கும் நல்லது, கோடு நகரவில்லை. இப்போது ஸ்கேனரில் லாங் டேர்ம் ஃபியூயல் ட்ரிம் என்ற எண்ணைப் பாருங்கள். ஈசிஎம் தன் கணக்குக்கு மேல் எவ்வளவு பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ கொடுக்கிறது என்பது அது. பூஜ்யத்தை ஒட்டி ஐந்து, ஆறு சதவீதம் ஆடுவது இயல்பு. ஐடிலில் 15, 20 என்று ஏறி நின்று, 2500 ஆர்பிஎம்மில் பிடித்தால் இறங்கிவிட்டால் காற்றுக் கசிவு. ஐடிலில் சரியாக இருந்து, ஏற்றத்திலோ வேகத்திலோ ஏறினால் பெட்ரோல் வந்து சேரவில்லை, பம்ப்பும் ஃபில்டரும் பாருங்கள்.

கசிவைக் காதால் தேடுவதுதான் முதல் வழி. ஐடிலில் "ஸ்ஸ்" என்ற சத்தம் கேட்கும். பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாய், எஞ்சின் உள்ளாவியைத் திரும்ப இன்டேக்குக்கு அனுப்பும் பிசிவி குழாயின் முழங்கை வளைவு, இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கட் மூன்றும் வழக்கமான இடங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் ரப்பர் குழாய் வெளியே பளபளப்பாக இருந்தாலும் வளைவின் அடிப்பக்கம் வெடித்திருக்கும், அமுக்கித் திருப்பிப் பாருங்கள். கார்புரேட்டர் கிளீனரை அடித்துப் பார்க்கிற வழியும் உண்டு, கசியும் இடத்தில் பட்டால் ஆர்பிஎம் மாறும். ஆனால் அது தீப்பிடிக்கும் திரவம். சூடான மேனிஃபோல்ட் பக்கமோ, பொறி கசியும் ஒயர் இருக்கும் வண்டியிலோ தொடவே தொடாதீர்கள்.

நம் மாவட்டத்துக்கென்றே ஒரு வகை வண்டி உண்டு. வீட்டுக்காரர் வளைகுடாவில் இருப்பார், வண்டி மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும். லீவுக்கு வந்த மறுநாளே சாவி போட்டால் உதறும். இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும், பம்ப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். இந்த மாதிரி வண்டியில் எதையும் கழற்றும் முன் கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் எடுத்துச் சற்று நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் டேங்கைக் காலி செய்து, புதுப் பெட்ரோல் ஊற்றி, அப்புறம் பேசுங்கள். ஊருக்குப் போகும்போது டேங்கை நிறைத்துவிட்டுப் போனால் உள்ளே ஈரக்காற்றுக்கு இடம் குறையும்.

இன்ஜெக்டரைச் சோதிக்க ஒரு நீள ஸ்க்ரூடிரைவர் போதும். நுனியை இன்ஜெக்டர் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்தால் "டிக் டிக்" என்று கேட்கும். நாலும் ஒரே மாதிரி கேட்க வேண்டும். ஒன்று மட்டும் ஊமையாக இருந்தால், வண்டியை நிறுத்தி, கப்ளரைக் கழற்றி ரெண்டு பின்களுக்கும் இடையே ஓம் பாருங்கள். சாதாரண போர்ட் இன்ஜெக்டரில் 12 முதல் 16 ஓம் வரும். ஓம் சரி, சத்தம் இல்லை என்றால் ஒயர் பக்கம் திரும்பிப் போங்கள், எலி இன்னும் கணக்கில் இருக்கிறது. சத்தமும் இருக்கிறது, ஆனாலும் அதே சிலிண்டர் மிஸ்ஸாகிறது என்றால் அடைப்பாக இருக்கலாம். அதற்குக் கழற்றி மெஷினில் வைத்துச் சுத்தம் செய்வதுதான் வழி. டேங்கில் ஊற்றும் பாட்டில் திரவங்களை நான் பெரிதாக நம்புவதில்லை. இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் ரெயில் குழாயில் அழுத்தம் இருக்கும், கழற்றும் வேலையைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

கம்ப்ரஷன்

பொறி, காற்று, பெட்ரோல் மூன்றும் சரியாக இருந்தும் ஒரு சிலிண்டர் எழும்பவில்லை என்றால் கம்ப்ரஷன் கேஜ் வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போது நிறுத்தி, தொடும் பதத்துக்கு ஆறவிட்டு, நாலு பிளக்கையும் கழற்றி, பெட்ரோல் பம்ப் ஃபியூஸை எடுத்து, காயில் கப்ளர்களைக் கழற்றிவிட்டு, த்ராட்டிலை முழுக்கத் திறந்து பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். பாட்டரி நல்ல சார்ஜில் இருக்க வேண்டும். நல்ல எஞ்சினில் 150 பிஎஸ்ஐக்கு மேல் வரும், வண்டிக்கு வண்டி மாறும். அதைவிட முக்கியம், சிலிண்டர்களுக்கு இடையே வித்தியாசம் 10, 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் அதற்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். எண் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வோ ஹெட் கேஸ்கட்டோ. ஆயில் மூடியின் அடியில் வெள்ளைக் களிம்பு இருந்தால் மட்டும் ஹெட் கேஸ்கட் என்று முடிவு கட்டாதீர்கள். தக்கலையிலிருந்து திங்கள்சந்தை வரை மட்டும் போய்வரும் வண்டிகளில் மழைக்காலத்தில் வெறும் ஈரத்தினாலும் அது படியும். கூலன்ட் குறைகிறதா, ஓடும்போது ரிசர்வாயரில் நிற்காமல் குமிழி வருகிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இதற்கு மேல் ஹெட் இறக்கும் வேலை, முற்றத்தில் வேண்டாம். நீங்கள் எடுத்த எண்களையும் கோடு போட்டோவையும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். பாதி நாள் வேலை அவர்களுக்கும் மிச்சம், மாற்றச் சொல்லும் பாகத்துக்குக் காரணம் கேட்க உங்களுக்கும் தைரியம் இருக்கும்.

சரி செய்த பிறகு

கோடை அழித்துவிட்டு, முதலில் எந்த நேரத்தில் மிஸ்ஸானதோ அந்த நேரத்துக்காகக் காத்திருங்கள். காலைக் குளிரில் என்றால் ராத்திரி முழுக்க நிறுத்தி வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஏற்றத்தில் என்றால் ஆள் ஏற்றிக்கொண்டு குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்கு ஒரு நடை போய் வாருங்கள், கியரைக் குறைக்காமல் கொஞ்சம் திணறவிட்டு ஏறுங்கள். ஈரத்தில் என்றால் அடுத்த மழைக்கு அப்புறம்தான் தெரியும்.

திரும்பி வந்ததும் மஞ்சள் விளக்கு எரியவில்லை என்று விட்டுவிடாமல், ஸ்கேனரில் பெண்டிங் கோடு என்ற இடத்தையும் திறந்து பாருங்கள். விளக்கு எரியும் அளவுக்கு முற்றாத மிஸ்ஸிங் அங்கே முதலில் எழுதப்பட்டிருக்கும். காலியாக இருந்தால் வேலை முடிந்தது. பழைய அதே சிலிண்டர் திரும்ப வந்தால் அந்த சிலிண்டரின் ஒயரை முழு நீளத்துக்கும் பிரியுங்கள். இதுவரை வராத வேறொரு சிலிண்டரின் நம்பர் வந்தால் புதுப் பாகம் எதையும் வாங்காமல், கழற்றி மாட்டியதில் எந்தக் கப்ளர் முழுக்க உட்காரவில்லை என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். பூட்டும் நாக்கு "க்ளிக்" என்று விழ வேண்டும்.